சுக்கான் யார் கையில்?

2010 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி ஜூலையில் சிட்னியை அடைந்தது 'பிளாஸ்டிகி'. ஏறத்தாழ 12,500 பிளாஸ்டிக் புட்டிகளின் பலத்தில் மிதந்த படகு. கடலில் சேரும் பிளாஸ்டிக்கின் பக்கம் உலகைத் திரும்பிப் பார்க்கவைப்பதே பயணத்தின் நோக்கம். செய்திகளில் நாயகனாக வந்தவர் டேவிட் டி ராத்ஸ்சைல்டு. அடுத்த ஆண்டு வெளிவந்த நூலும் அவர் பெயரில்தான். ஆனால் படகைச் செலுத்திய தலைமை மாலுமி ஜோ ராய்ல். புறப்பட்ட ஆறு பேரில் அவர் ஒருவரே பெண்.

இதை விளம்பரத்தில் நேர்ந்த தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. 1947இல் தோர் ஹேயர்டால் தெப்பத்தில் பசிபிக்கைக் கடந்த 'கோன்-டிகி'யின் சாயலில் வைக்கப்பட்ட பெயர் இது. அவருடைய பேரன் ஓலாவும் இந்தப் படகில் இருந்தார். தாத்தாவின் சாகசம் பேரனுக்கு, குடும்பச் சொத்தைப் போல. நமக்கும் இது புதிதல்ல. கடல்வழிச் செலவு மகளிரோடு இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு நூற்பா உண்டு (அதற்கு வேறு பொருள் கொண்ட உரையாசிரியர்களும் உண்டு என்பது ஓர் ஆறுதல்). நெய்தலில் பெண் கரையில் இருந்து இரங்குகிறாள். ஜோ ராய்ல் கரையில் இருக்கவில்லை, சுக்கானைப் பிடித்தார். ஆனாலும் கதை அவரைக் கரையிலேயே இறக்கிவிட்டது.

கடல் பிளாஸ்டிக்கைக் கதையாக்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நடுக்கடலில் குப்பைத் தீவு என்று எதுவும் இல்லை. வெயிலும் அலையும் உடைத்த துணுக்குகள், பெரும்பாலும் அரிசியைவிடச் சிறியவை, நீரோடு நீராக மிதக்கின்றன. படமெடுத்தால் நீலம் மட்டுமே தெரியும். எனவே சாகசக் கதை பிளாஸ்டிக்குக்குப் பதிலாக ஓர் உடலைக் காட்டுகிறது: வெயிலில் வெந்த, புயலுக்கு ஈடுகொடுத்த உடல். நாம் அதன் வெற்றியை வாசித்துக் கைதட்டுகிறோம். அந்தப் புட்டிகளைச் செய்து விற்று லாபம் பார்த்தவர் யார் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

எமிலி பென் இந்தக் கதையை வேறு பக்கம் திருப்பினார். கடலில் பிளாஸ்டிக்கைத் தேடியவர், தன் இரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். தேடிய 35 நச்சு வேதிப்பொருள்களில் 29 அதில் இருந்தன. கடலில் இருந்த எதிரி உடலுக்குள் வந்துவிட்டது. இனி அதை வென்று கொடி நாட்ட முடியாது. 2014இல் லூசி கில்லியமோடு சேர்ந்து பெண்கள் மட்டுமே செல்லும் கடற்பயணங்களை அவர் தொடங்கினார். வலை வீசி, மாதிரி எடுத்து, எண்ணிப் பதிந்துவைக்கும் பயணங்கள். இந்த வகைமையில் நான் மதிப்பது இதைத்தான்.

ஆனால் ஏன் பெண்கள் மட்டும் என்ற கேள்விக்குச் சொல்லப்படும் பதிலில் எனக்கு நெருடல் உண்டு. ஹார்மோன்களைக் குலைக்கும் வேதிப்பொருள்கள் கருப்பை வழியும் தாய்ப்பால் வழியும் குழந்தைக்குப் போகின்றன என்கிறார்கள். அறிவியலாக அது சரி. அதையே காரணமாக்கும்போது பெண்ணுடல் மறுபடியும் ஒரு கலம் ஆகிவிடுகிறது. பிள்ளை பெறாதவளின் இரத்தத்துக்கு மதிப்பில்லையா? அங்கிருந்து ஓரடி வைத்தால் போதும், துணிப்பையும் கண்ணாடிப் புட்டியும் வீட்டுப் பெண்ணின் பொறுப்பாகிவிடும். ஆலை முதலாளி நிம்மதியாகத் தூங்குவார். அந்தப் படகில் ஏறப் பணமும் கட்ட வேண்டும். குப்பைமேட்டில் வெறுங்கையால் பிளாஸ்டிக் பிரிக்கும் பெண்ணுக்கு அதில் இடம் ஏது? கடலாராய்ச்சிக்கு அவளைவிட அனுபவம் யாருக்கு இருக்கிறது என்றும் கேட்கலாம்.

இந்தப் பயணங்களில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி 2008 ஆகஸ்டில், பசிபிக்கின் நடுவில் நடந்தது. தனியாகத் துடுப்பு வலித்து வந்துகொண்டிருந்தார் ரோஸ் சாவேஜ். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி பழுதாகியிருந்தது. பழைய விமானக் கூட்டை 15,000 புட்டிகள் மேல் ஏற்றிக் கட்டிய 'ஜங்க்' தெப்பத்தில், மார்கஸ் எரிக்சனும் ஜோயல் பாஸ்கலும் உணவு தீர்ந்துவரும் நிலையில் இருந்தார்கள். சந்தித்தார்கள். அவர் உணவைக் கொடுத்தார், அவர்கள் கையால் இயக்கும் கருவியைக் கொடுத்தார்கள். மீன் பிடித்துச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, தனித்தனியே ஹவாய்க்குப் போனார்கள். சாகசக் கதைகளை வகுப்பில் எடுக்கும்போது, மாணவிகளை இங்கிருந்துதான் வாசிக்கத் தொடங்கச் சொல்கிறேன்.