ஹட்டனில் திருத்தலாமா?

மலையகத்தில் டபல் கெப் வாங்கியவரிடம் வண்டியின் நிறத்தையும் ஆண்டையும் யாரும் முதலில் விசாரிப்பதில்லை. "என்ன என்ஜின்?" என்றுதான் கேட்பார்கள். 3எல் என்றால் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். 1கேடி என்றால், "இன்ஜெக்டர் வாஷர் மாத்தியாச்சா?" என்பார்கள். டிபிஎஃப் பூட்டிய புது வண்டி என்றால் ஹட்டன் கராஜ்களில் வரும் கேள்வி வேறு: "கொழும்புப் பக்கம் அடிக்கடி போற வேல இருக்கா, சார்?"

கடந்த சில மாதங்களாக நான் ஓட்டுவது ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸ் டபல் கெப். தொண்ணூறுகளில் வந்தது, நான்கு சக்கர இயக்கம், 3எல் டீசல் என்ஜின். 2779 சிசி, டர்போ கிடையாது, சுமார் 90 குதிரைத்திறன். மற்ற விவரங்கள் டிக்கோயாவில் நிற்கும் எந்த ஓட்டுநருக்கும் மனப்பாடம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபிறகு இதன் விலை ஏறிய ஏற்றத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தது. புதுசு பக்கம் போவதா, பழசையே வைத்துக்கொள்வதா என்ற கேள்வி தோட்டத்து வீடுகளிலும் மரக்கறிக்காரர்களிடமும் அன்று தொடங்கி இன்னும் முடியவில்லை.

வேகம் எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த வண்டி சரிவராது. கினிகத்தேனையைத் தாண்டி வட்டவளை ஏற்றத்தில் பஸ்காரர் ஹோன் அடித்துக்கொண்டே முந்திப் போவார்; விட்டுக்கொடுத்துவிட வேண்டியதுதான். நுவரெலியாவில் இன்னும் மெதுவாகும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இருந்தால் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். இந்த என்ஜினுக்கு அந்த வசதி இல்லை. கொழும்புக் காற்றுக்கு அளந்து வைத்த பம்ப், மேலே வந்தும் அதே அளவு டீசலை ஊற்றுகிறது. எரிக்கக் காற்றுப் போதாததால் மிச்சம் கறுப்புப் புகையாக வெளியே வருகிறது. ஹட்டனில் டீசல் பம்ப் வேலை தெரிந்த பாஸ் ஒருவர் பம்பின் எரிபொருள் திருகைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தார். இழுவை சற்றுக் குறைந்தது, புகை பாதிக்கு மேல் குறைந்தது. மலைநாட்டிலேயே ஓடும் பழைய டீசல் வண்டி ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

இதே திருகை எதிர்ப்பக்கம் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஏப்ரல் சீசனில் நுவரெலியா வந்து பாருங்கள். மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு வரும் வண்டிகளில் உயர்த்திய சஸ்பென்ஷன், அளவுக்கு மீறிய டயர், கூரையில் வரிசையாக விளக்கு, பின்னால் வேண்டுமென்றே கக்கும் கரும்புகை. பெரிய டயர் போட்டால் கியர் விகிதம் கெட்டு, ஏற்றத்தில் கிளட்ச் கருகும். புகைக்காகத் திருகை ஏற்றினால் பிஸ்டன் சூடேறும். கடைசியில் அந்த வண்டி மலையகத்து யாரோ ஒருவரிடம் "நல்ல ரன்னிங்" என்று கைமாறும். பழைய டபல் கெப் வாங்குகிறவர்கள் சீசன் வண்டியைக் கண்டால் தூர விலகுங்கள்.

இந்த ஹைலக்ஸ் எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரே காரணம் அதன் எளிமை. இரும்பு பிளொக், இயந்திர பம்ப், கம்பியூட்டர் இல்லை. ஓடத் தொடங்கிய பின் பம்பில் டீசல் வழியைத் திறந்து பிடித்திருக்கும் ஒரு சின்ன சொலினொய்டுக்கு மட்டும் மின்சாரம் போதும். டைமிங் பெல்ட்டை ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தண்ணீர் குறைந்து சூடேறினால் ஹெட் வெடிக்கும் என்பது இந்த என்ஜின் குடும்பத்துக்கே உள்ள பலவீனம். ஆகவே காலையில் ரேடியேட்டரைத் திறந்து பார்க்கும் பழக்கம் கட்டாயம். முன்சக்கர ஹப்பை இறங்கிக் கையால் திருப்ப வேண்டும், அதுவும் பெரும்பாலும் மழையில், சேற்றில் நின்று. திருப்பாமலே விட்டால் ஹப் இறுகிவிடும், தேவைப்படும் நாளில் அசையாது. மாதத்துக்கு ஒருமுறையாவது நான்கு சக்கரத்திலும் ஓட்டுங்கள். கவனிக்க வேண்டியது இவ்வளவுதான். எது பழுதானாலும் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ காலையில் விட்டு மாலையில் எடுத்துவிடலாம். பாகம் கடையில் இருக்கும், வேலை தெரிந்தவர் பக்கத்துத் தெருவில் இருப்பார்.

இந்த வசதி எவ்வளவு பெரிது என்பது தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். மேல் டிவிசன் லயத்தில் ராத்திரி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தாலும், ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டாலும், 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் தார் ரோடு வரை வரும். அதற்கு மேல் கல்லும் பள்ளமுமான தோட்ட ரோட்டில் ஏறி இறங்குவது யாரோ ஒருவருடைய கெப்தான், இல்லையென்றால் கொழுந்து லொறி. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியில் கட்டிய ஆதார வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முதலில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும். டபல் கெப்பின் நம்பகத்தன்மை என்று நான் பேசுவது இதைத்தான்.

பழசு அருமை, புதுசு மோசம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. உண்மை அப்படி இல்லை. பின்னாளில் ஹைலக்ஸில் வந்த 1கேடி என்ஜின் இழுவையில் 3எல்லைவிட வெகுவாக மேல். ஆனால் அதன் தொடக்கக்கால வண்டிகளைப் பற்றி உலகமெங்கும் உரிமையாளர்கள் சொன்ன புகார் ஒன்றுதான். இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிந்து, எரிந்த வாயு மேலே ஏறி, ஒயிலைக் கரிக்குழம்பாக்கும். அந்தக் குழம்பு ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிட்டால் என்ஜின் முழுதும் ஒயில் இல்லாமல் போகும். வாஷரை நேரத்தோடு மாற்றி, ஒயில் சம்பைக் கழற்றி வலையைப் பார்த்தவர்களின் 1கேடி இன்றும் நன்றாக ஓடுகிறது. நிசான் நவாரா டி40இல் டைமிங் செயின் தேய்மானம் பேசப்பட்டது. அமெரிக்காவின் பெரிய டீசல் பிக்கப்களில் சிபி4 என்ற உயரழுத்த பம்ப் உடைந்து, உலோகத் தூளை எரிபொருள் பாதை முழுக்க அனுப்பியது பற்றி ஜெனரல் மோட்டர்ஸ், ஃபோர்ட் நிறுவனங்கள் மீது வழக்குகளே நடந்தன. இந்த வகைக் கொமன் ரெயில் என்ஜினில் டீசல் ஆயிரம் பாரைத் தாண்டிய அழுத்தத்தில் பாய்கிறது. தண்ணீரோ தூசியோ கலந்த டீசலை அது மன்னிக்காது. 2022 ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 460 ரூபா ஆன நாட்களில், கிடைத்ததைப் பீப்பாயில் சேர்த்து வைக்கும் வழக்கம் பலருக்கு வந்தது. மலைநாட்டுக் குளிரில் பாதி நிறைந்த பீப்பாயின் உட்சுவரில் ஈரம் படிந்து அடியில் தண்ணீராக இறங்கும். அந்தப் பீப்பாய் டீசலைக் கொமன் ரெயில் வண்டிக்கு ஊற்றவே கூடாது.

இனி டிபிஎஃப். எனக்குத் தெரிந்த ஒருவர் டிபிஎஃப் உள்ள டபல் கெப் ஒன்று வைத்திருக்கிறார். எந்தக் கம்பனி என்பது இங்கே முக்கியமில்லை, கருவி எல்லாவற்றிலும் ஒன்றுதான். அவரோடு பல நாட்கள் அதில் சுற்றினேன். சத்தமில்லை, இழுவை அபாரம், நானுஓயா ஏற்றம் ஏற்றமாகவே தெரியவில்லை. பிறகு டாஷில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

டிபிஎஃப் என்பது புகைக் குழாயில் இருக்கும் பீங்கான் வடிகட்டி. டீசல் கரியை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். நிறைந்ததும் சுமார் 600 பாகை செல்சியஸ் சூட்டில் அந்தக் கரியைத் தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ளும். அந்தச் சூடு வர வண்டி கால்மணி நேரம், இருபது நிமிடம் நிற்காமல் ஒரே சீராக ஓட வேண்டும். மலைநாட்டில் அந்த ஓட்டம் எங்கே இருக்கிறது? ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது குழாய் நன்றாகச் சூடாகிறது, சுத்தம் தொடங்குகிறது. அடுத்த வளைவு தாண்டி இறக்கம் வந்ததும் கால் எக்ஸலேட்டரிலிருந்து எடுபடுகிறது, டீசல் நிற்கிறது, குழாய் ஆறிவிடுகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் என்ஜினை நிறுத்தாமல் நிற்பது, பெக்டரி வரை மூன்று கிலோமீற்றர் ஓடுவது, திரும்பவும் நிற்பது: ஒவ்வொரு முறையும் சுத்தம் பாதியில் அறுகிறது. போதாததற்கு, சுத்தம் செய்யக் கூடுதலாகப் பீச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலில் கலக்கிறது. இப்படிப்பட்ட வண்டியில் ஒயில் கோல் காட்டும் மட்டம் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். கூடியிருந்தால் உடனே ஒயிலை மாற்றுங்கள்.

டீசலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: கந்தகம் கூடினால் வடிகட்டிக்கு ஆகாது. யூரோ 4 தர டீசலில் கந்தகம் பத்து இலட்சத்துக்கு 50 பங்குக்கு மேல் போகக்கூடாது. நம் நாட்டில் அந்தத் தரம் சுப்பர் டீசலுக்குத்தான், சாதாரண ஓட்டோ டீசலில் கந்தகம் அதைவிட அதிகம். மலைநாட்டு பெற்றோல் செட்டுகள் எல்லாவற்றிலும் சுப்பர் டீசல் எப்போதும் கிடைப்பதில்லை.

டிபிஎஃப் பற்றிய பெரிய வழக்கு நடந்தது அவுஸ்திரேலியாவில். 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கே விற்ற 264,170 ஹைலக்ஸ், ஃபோர்ச்சூனர், பிராடோ வண்டிகளின் உரிமையாளர்கள் சார்பில் டொயோட்டா அவுஸ்திரேலியாவுக்கு எதிராகக் கூட்டு வழக்கு. 2022 ஏப்ரலில் பெடரல் நீதிமன்றம், வடிகட்டி அமைப்பு குறைபாடு உள்ளது, வண்டியின் மதிப்பில் 17.5 சதவீதம் குறைந்தது என்று தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் அது 10 சதவீதமாகக் குறைந்தது, 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் தொகையை மீண்டும் கணிக்கும்படி திருப்பி அனுப்பியது. அங்கே பழுதுக்குக் காரணம் மெதுவான ஓட்டம் அல்ல. மணிக்கு 100 கிலோமீற்றர் அளவில் தொடர்ந்து ஓடும் நெடுஞ்சாலைப் பயணத்தில்தான் அந்த அமைப்பு தடுமாறியது, வெள்ளைப் புகை கக்கியது. அப்படியானால் வேகமாக ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்பனையாளர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வழக்குக்கு முன்பே, 2018இல், ஹைலக்ஸில் ஒரு பொத்தான் வந்தது: வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டே ஓட்டுநர் அழுத்தி வடிகட்டியைச் சுத்தம் செய்யலாம். மலைநாட்டுக்கு வேண்டியது இந்தப் பொத்தான்தான்.

நண்பருடைய வண்டியில் அது இல்லை. மஞ்சள் விளக்கு எரிந்து சில நாட்களில் என்ஜின் தானே சக்தியைக் குறைத்துக்கொண்டது. ஹட்டனில் அதன் கம்பியூட்டரைப் படிக்கும் கருவி யாரிடமும் இல்லை. வண்டியை வேறொரு லொறியில் ஏற்றிக் கீழே அனுப்பினார்கள். பல நாள் கழித்துத் திரும்பி வந்தது, பெரிய பில்லோடு. ஊரில் பலர் அவருக்குச் சொன்ன யோசனை வடிகட்டியை அறுத்து எறிந்துவிடுவதுதான்.

இதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். தோட்ட ரோட்டில் கெப்புக்கும் மண்திட்டுக்கும் நடுவில் ஒரு முழ இடம்கூட இருக்காது. அந்த இடத்தில்தான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஒதுங்கி நிற்கிறார்கள், கொழுந்துக் கூடையோடு பெண்கள் நிற்கிறார்கள். பழைய டீசலின் கரி அவர்கள் முகத்தில்தான் அடிக்கிறது, என் வண்டியும் அதில் சேர்த்தி. அந்தக் கரியைப் பிடிக்கும் கருவி ஒன்று வந்திருப்பது நல்ல காரியம். அது இங்கே வேலை செய்யவில்லை என்றால், இங்கே வேலை செய்யும்படி தரச் சொல்லிக் கேட்பதுதான் முறை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். வருடம் முழுக்கத் தோட்டத்துக்குள்ளேயே ஓடும் வண்டி வேண்டியவர், நல்ல நிலையில் 3எல் ஹைலக்ஸ் கிடைத்தால் எடுக்கலாம். பம்பை மலை உயரத்துக்குத் தகுந்தபடி குறைத்து, புகையைச் சோதித்து ஓட்டுங்கள். மாதத்தில் சில தடவையாவது கண்டி, கொழும்பு போய்வருகிறவர் புது வண்டிக்குப் போகலாம், ஆனால் பணம் கட்டுமுன் இரண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: கையால் சுத்தம் செய்யும் பொத்தான் இருக்கிறதா, ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அதன் கம்பியூட்டரைப் படிக்க ஆள் இருக்கிறாரா. விற்கும் கம்பனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்துக்கு ஒரு நாள் ஒரு மெக்கானிக்கையும் ஒரு ஸ்கேனரையும் ஹட்டனுக்கு அனுப்புங்கள். வண்டி விற்க மலைக்கு வருகிறீர்கள், திருத்தவும் வாருங்கள்.