சீனிக்கு ஒரு தராசு

தூத்துக்குடியில் மெக்ரூனை யாரும் எண்ணிச் சாப்பிடுவதில்லை. கூம்பு வடிவம். கையில் எடுத்தால் கனமே தெரியாது, வாயில் போட்டால் கரைந்துவிடும். முட்டையின் வெள்ளைக்கரு, முந்திரி, சீனி, அவ்வளவுதான், மாவு கிடையாது. பரீட்சைக்குப் படிக்கும் ராத்திரியில் கால் கிலோ பொட்டலம் அறைக்குள் வந்தால், விடியும்போது காகிதம்தான் மிஞ்சும். உடம்பைக் குறைக்க நினைக்கும் மாணவருக்கு இந்த ஊரில் இதைவிடப் பெரிய சோதனை இல்லை.

நாலு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் அறை ஒன்றில், கெட்டிலுக்குப் பக்கத்தில் இப்போது சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இணையக் கடைகளில் பல பெயர்களில், ஒரே அச்சில் வார்த்ததுபோல விற்கிறார்களே, அதே வெள்ளைத் தட்டு. நானூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு கிராம் வரை காட்டும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது.

காட்டுகிறதா? சோதிக்கப் பத்து ரூபாய் நாணயங்கள் போதும். ஒன்று 7.7 கிராம், பத்தை அடுக்கினால் 77 வர வேண்டும். வந்தது. மின்விசிறி சுழலும்போது மட்டும் எண் ஒன்றிரண்டு கூடிக் குறைந்தது. நிறுத்தியதும் அசையாமல் நின்றது.

அடுத்த சோதனைக்கு மஞ்சாடி விதை. சும்மா எடுத்துவந்த விதை இல்லை அது. இந்தக் கடற்கரையில் முத்தை முதலில் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். பிறகு மஞ்சாடி, கழஞ்சுக் கணக்கில் நிறுப்பார்கள். 1961-ஓடு முத்துக்குளிப்பு நின்றுபோனது, அந்தக் கணக்கும் போயிற்று. ஒரு விதை ஏறக்குறைய கால் கிராம். பன்னிரண்டு விதைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டபோது, கடைசி வரை பூஜ்யமே நின்றது. அள்ளி எடுத்து, பூஜ்யப் பொத்தானை அமுக்கிவிட்டு மொத்தமாக வைத்தால் 3!

பழுது என்று நினைக்க வேண்டாம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் சின்னச் சின்ன மாற்றத்தைத் தராசு தானாகவே கழித்துவிடும். எடை வைக்காதபோது எண் நகராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் சீனியைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுகிறவருக்கு இதுதான் பெரிய ஏமாற்று. வழி சுலபம். டம்ளரை வைத்தபின் பூஜ்யப் பொத்தானை அமுக்காமல், டம்ளரின் எடையோடு சேர்த்தே படித்தால் பெரும்பாலும் சரியாக வரும். 62 காட்டினால் 67 ஆகும் வரை போட வேண்டியதுதான்.

மெக்ரூனில் சீனியும் முந்திரியும் ஏறக்குறைய பாதிப் பாதி. கடைக்குக் கடை மாறும். அப்படியென்றால் 50 கிராம் மெக்ரூனில் 25 கிராம் சீனி. உணவில் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் என்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. அந்த ஐந்து சதவீதம்தான் இந்த 25 கிராம். கிண்ணத்தில் இருபது கிராமை நிறுத்து வைத்துக்கொண்டு பொட்டலத்தைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டால், ஆசையும் தீரும், கையும் மறுபடி போகாது. அறவே தொடமாட்டேன் என்று சபதம் எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தேநீர் விஷயத்தில்தான் தராசு தன் விலைக்கு உழைக்கிறது. குவித்துப் போட்ட இரண்டு கரண்டி சீனி பத்து கிராமைத் தாண்டிவிடும். வாரத்துக்கு ஒரு கிராம் குறைத்து ஐந்துக்கு வந்தால் நாக்கு அதிகம் முரண்டு பிடிக்காது. நாளைக்கு நாலு டீ குடிப்பவருக்கு இதில் மிச்சம் 80 கலோரி. மற்ற சாப்பாடு மாறாதிருந்தால் மூன்று மாதத்தில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கலாம். பெரிய எண் இல்லை. ஆனால் பட்டினி கிடக்காமல் வரும் எண்.

அறைக்கு வெளியே தராசுக்கு வேலையில்லை. கடை டீயில் சீனி கலந்தபிறகு என்னத்தை நிறுப்பது? “அண்ணாச்சி, சீனி கம்மியா ஒரு டீ” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எண்ணெய்ப் பரோட்டா குடித்த எண்ணெயையும் அது காட்டாது. உடன்குடிக் கருப்பட்டிக்கு மாறினால் கணக்கே வேண்டாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. ருசியும் மணமும் வேறுதான், ஆனால் அதிலும் பெரும்பகுதி சர்க்கரையே. அதையும் தட்டில் வைத்தே ஆக வேண்டும்.

சோற்றையும் மீனையும் ஒவ்வொரு கவளமாக நிறுக்கத் தொடங்கினால், அது சாப்பாட்டையே பயமாக்கிவிடும். சீனிக்கு மட்டும், அதுவும் கை அளவு பழகும் வரை வைத்துக்கொள்ளலாம். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, மாலையில் இனிப்புக்குப் பறக்கும் மாணவருக்கு எந்தத் தராசும் உதவாது; அவருக்கு முதலில் வேண்டியது இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும்.

உப்பளக் காற்று அடிக்கும் ஊர் என்பதால் பேட்டரி முனைகளில் பச்சை பூக்கும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வைப்பது நல்லது. நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு நூறு ரூபாய், வாங்கலாம்.