பூத்துக்குளி

எங்கள் சமயநல்லூரில் சால்வைக்கும் குளிருக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. வைகையை அடுத்த இந்தச் சமவெளியில் மார்கழி அதிகாலைக்குக்கூட ஒரு துண்டு போதுமானது. ஆயினும் கூட்டந்தவறாமல் பொன்னாடை போர்த்துகிறோம், அந்தப் பொன்னாடை மறுவாரம் வேறொருவர் தோளுக்குப் பிரயாணம் செய்வதையும் கண்டுங்காணாமல் இருந்துவிடுகிறோம். அது எந்தத் தறியில் பிறந்தது என்று கேட்பாரில்லை.

நாகநாட்டில் ஒரு காலத்தில் அப்படிக் கைமாற்றிவிட இயலாது. ஆவோ குலத்தாரின் சுங்கோதெப்சு என்னும் போர்வை, பகைவன் தலையைக் கொய்து வந்த வீரனுக்கும், மிதுன் என்ற மலைமாட்டைப் பலியிட்டு ஊருக்கு விருந்து படைத்த செல்வனுக்குமே உரியதாயிருந்தது. இடுப்போடு கட்டிய சிறு தறியில் பெண்கள் நெய்த துண்டங்களை இணைத்து உருவாகும் அப்போர்வையின் நடுவே ஓடும் வெள்ளைப் பட்டையில், யானையும் புலியும் மிதுனும் சேவலும் ஈட்டியும் மனிதத் தலையும் ஆண்களின் கையால் சித்திரமாகத் தீட்டப்படும். போர்த்தியவனின் பராக்கிரமத்தை எதிரே வருபவன் வாய்திறந்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கம்பீரமான கலைதான்; எனினும் என் உள்ளம் தோய்வது நம் நீலகிரியில், தோடர்களின் பூத்துக்குளி என்னும் போர்வையிலேதான்.

தோடர் நெசவு அறியாதவர்கள். எருமைகளும் பாலுமே அவர்களுடைய வாழ்க்கையும் வழிபாடும். துணி சமவெளித் தறியிலிருந்து மலையேறி வருவது. சிவப்பும் கறுப்புமான பட்டைகள் ஓடும் அந்த முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி, மந்துகள் என்னும் தோடர் குடியிருப்புகளிலே வாழும் பெண்களின் ஊசிக்குக் காத்திருக்கிறது. ‘புகூர்’ என்று அவர்கள் அழைக்கும் அந்த எம்பிராய்டரிக்குச் சட்டம் கிடையாது, முன்கூட்டி வரைந்த கோடு கிடையாது. பாவையும் ஊடையையும் இழை இழையாக எண்ணி, விரலின் ஞாபகத்தையே துணையாகக் கொண்டு, சிவப்பு நூலையும் கறுப்பு நூலையும் அவற்றினூடே கோத்துக் கொண்டு போக, எருமைக் கொம்பு முதலான வடிவங்கள் வரிசை வரிசையாக எழுகின்றன. ஓரிடத்தில் ஓரிழை பிசகினால் வரிசை முழுவதும் கோணும். அந்தக் கணக்கின் கறாரான ஒழுங்குதான், தைத்ததை நெய்ததென்று மயங்கச் செய்கிறது. தேர்ந்த கண்ணுடையவர்களும் முதற்பார்வையில் இதைத் தறியின் வேலை என்றே சொல்லிவிடுவதுண்டு.

இன்னொரு விசேஷம் இருக்கிறது. நாம் மழமழவென்றிருக்கும் புறத்தை வெளியே காட்டி, நூல் துருத்தி நிற்கும் புறத்தை மறைத்துக்கொள்ளும் வழக்கமுடையவர்கள். தோடரின் அபிப்பிராயமோ நேர்விரோதமானது. நூல் புடைத்துச் சொரசொரத்து நிற்கும் புறமே அவர்களுக்கு முகம். அந்தப் புடைப்பில் விழும் வெளிச்சத்தைச் சாய்வாக ஒருமுறை பார்த்தவர்கள் அவர்கள் கட்சிக்கு மாறிவிடுவார்கள், நான் மாறிவிட்டேன்.

இவ்வளவு சிரத்தையும் எதற்கு? ஆணும் பெண்ணும் அணிகிறார்கள், விழாவிலே அணிகிறார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தோடர் ஒருவர் இறந்தால் பிரேதத்தைப் போர்த்துவதும் பூத்துக்குளியே. 1901-02-இல் அவர்களிடையே தங்கி ஆராய்ந்து 1906-இல் பெருநூல் வெளியிட்ட ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேயர், ஈமச் சடங்குகளை வெகு விரிவாக வர்ணித்திருக்கிறார். இழவு வீட்டுக்குக் கோடி எடுத்துச் செல்லும் மதுரைப் பக்கத்தாருக்கு இது அந்நியமான சம்பிரதாயமாகத் தோன்றாது. ஆனால் நம் கோடி, செய்தி வந்த பிறகு கடைவீதியில் அவசரமாக வாங்கியது. அவர்களுடையதோ ஒரு பெண் பல வாரங்கள் கண்ணைச் செலுத்தி இழையெண்ணித் தைத்தது. அப்படிப்பட்ட வேலைப்பாடு சிதையோடு போவதைக் கலை நஷ்டமென்று புலம்புகிற ரசிகரோடு எனக்கு உடன்பாடில்லை. காட்சிசாலைக் கண்ணாடிப் பெட்டிக்கென்று தைத்திருந்தால், அந்தக் கைகள் இவ்வளவு பொறுமை காட்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

2013-இல் தோடர் எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உதகைக் கடைகளில் இப்போது அதே வேலைப்பாடு கைப்பையிலும் மேசை விரிப்பிலும் கிடைக்கிறது. பிழைப்புக்கு வழியாகுமென்றால் ஆட்சேபிக்க நான் யார்? ஆயினும் வாங்குகிறவர்கள் விலையை விசாரிக்குமுன் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அச்சடித்ததாயின் பின்புறம் மங்கிக் கிடக்கும். கையால் தைத்ததாயின் அங்கே நூல் புடைத்து நிற்கும். தயங்காமல் அந்தப் புறத்தையே வெளியே தெரியும்படி போர்த்திக்கொள்ளலாம்.