ஒருமையா, பன்மையா? ஈப்போ வழக்கும் நீதிபதியின் உரையும்

நீதிபதி சட்டத்தை உரைப்பவரேயன்றி ஆக்குபவர் அல்லர் என்பார் ஒரு சாரார். ஆள்வோரின் கைப்பாவை என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் எவ்வளவு தூரம் நிற்கும் என்று அறிய, ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கினும் தக்க பாடம் மலேசியத் தமிழர்க்கு இல்லை.

2009ஆம் ஆண்டில் அவர் கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். தாயின் இசைவும் பிள்ளைகளின் வருகையும் இன்றியே, மூன்று பிள்ளைகளும் மதம் மாறியதாகச் சான்றிதழ் வழங்கப்பட்டது. ஈப்போ உயர்நீதிமன்றம் 2013இல் அதனை நீக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் பெரும்பான்மையால் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 சனவரி 29ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐவரும் ஒருமனமாகத் தாய்க்குச் சார்பாகத் தீர்த்தனர். சட்டமும் அதுவே, நிகழ்ச்சியும் அதுவே. மாறியது உரையே.

பதினெட்டு வயது நிரம்பாதவரின் சமயத்தைப் 'பேரண்ட்' அல்லது காப்பாளர் முடிவு செய்வர் என்கிறது அரசமைப்பின் 12ஆம் பிரிவு. அவ்வாங்கிலச் சொல் ஒருமை. 2007இல் வேறொரு வழக்கில் கூட்டரசு நீதிமன்றப் பெரும்பான்மையினர் அவ்வொருமையைப் பற்றிக்கொண்டு, இருவருள் ஒருவர் போதும் என்றனர். 2018இலோ, ஒருமை பன்மையையும் தழுவும் என்னும் விளக்கவிதியைக் கொண்டு, இருவர் இசைவும் வேண்டும் என்றாயிற்று. ஒரே நூற்பாவுக்கு இளம்பூரணரும் சேனாவரையரும் வேறுவேறு உரை காண்பதைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இது வியப்பன்று. 'பெற்றோர்' தமிழில் பலர்பால். வழக்குத் தமிழில் நடந்திருப்பின் பாதி வாதம் எழுந்திராது!

ஆயினும், உரையாசிரியரை எவரும் பதவிநீக்கம் செய்வதில்லை. 1988இல் அரசமைப்பின் 121ஆம் பிரிவு திருத்தப்பட்டது. ஷரியா நீதிமன்றத்துக்குரிய பொருளில் உயர்நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என்ற உட்பிரிவு புகுந்தது. அதே ஆண்டில் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் நீக்கப்பட்டார். அதன்பின் பல வழக்குகளில், சமயம் என்ற சொல் தோன்றியதுமே 'இஃது எம் எல்லையன்று' எனக் கதவடைப்பது வழக்கமாயிற்று. அச்சமே காரணம் என மெய்ப்பிக்க இயலாது. ஆனால் 1988இன் நினைவை அறவே மறந்து எந்த நீதிபதியும் ஆசனத்தில் அமர்ந்திருக்கமாட்டார்.

நீதிபதி சைனுன் அலி எழுதிய 2018 தீர்ப்பின் வலிமை ஒருமை பன்மையில் இல்லை. வினாவை மாற்றியமைத்ததில் உள்ளது. பிள்ளை எச்சமயத்தது என்பதன்று வினா. அதிகாரி சட்டப்படி நடந்தாரா என்பதே. அதனை ஆராயும் அதிகாரத்தைத் திருத்தத்தாலும் பறிக்க இயலாது என்று அவர் நிறுவினார். அரசியல் அமைத்த வேலிக்குள்ளேயே திறந்த வாயில் ஒன்றைக் கண்ட உரை இது.

இக்கடமை அரசியலாரிடம் முன்னரே வந்திருந்தது. ஒருதலை மதமாற்றத்தைத் தடுக்கும் 88ஏ பிரிவு மசோதாவில் இடம்பெற்று, 2017 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. மன்றம் தயங்கியதை ஐந்து மாதங்களில் நீதிமன்றம் செய்தது.

தந்தையைப் பிடிக்கக் காவல்துறைத் தலைவருக்குக் கூட்டரசு நீதிமன்றம் 2016இலேயே கட்டளையிட்டிருந்தது. பதினொரு மாதக் குழந்தையாகத் தந்தை கொண்டுசென்ற இளைய மகள், 2018 தீர்ப்புக்குப் பின்னும் பல ஆண்டுகள் தாயிடம் வந்து சேரவில்லை.