விளையாட்டும் வியாபாரமும்

கைத்தொலைபேசி விளையாட்டைப் பற்றி நம்மிடையே இரு கட்சிகள் உள்ளன. ஒரு கட்சியார் அதனை இளைஞர் சமுதாயத்தைப் பீடித்த நோய் என்பர். ஒழுக்கக் கேட்டுக்கும் பரீட்சைத் தோல்விக்கும் அதுவே காரணமென முடிவு கட்டுவர். மற்றக் கட்சியார் அதனை விஞ்ஞான வளர்ச்சியின் பேறு என்றும், அறிவைக் கூர்மையாக்குவது என்றும் போற்றுவர். இரு சாராரும் ஒரு கேள்வியை மட்டும் எழுப்புவதில்லை. இவ்விளையாட்டுக்களை ஆக்குவோர் யார்? எந்நோக்கத்துடன் ஆக்குகின்றனர்? ஒரு நாவலையோ நாடகத்தையோ மதிப்பிடும்போது இக்கேள்வியைத் தவறாது கேட்கும் நாம், கோடிக்கணக்கானோர் நாள்தோறும் ஈடுபடும் ஒரு படைப்பு வடிவத்தை விமர்சனத்துக்கு அப்பால் விட்டுவிடுதல் பொருந்தாது.

நன்மையை முதலிற் கூறுவோம். 2016இல் 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்றொரு விளையாட்டு வெளிவந்தது. ஆடுபவர் கடல்வழிகளை நினைவிற் கொண்டு படகு செலுத்த வேண்டும். முதுமையில் வரும் மறதி நோயை ஆராயும் விஞ்ஞானிகளுக்கு, மனிதர் வழி கண்டறியும் திறன் பற்றிய தரவுகளை அது திரட்டிக் கொடுத்தது. உலகெங்கும் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஆடினர். கட்டம் கட்டமாக அமைந்த நகரங்களில் வளர்ந்தோரைவிட, ஒழுங்கற்ற தெருக்களிலும் கிராமங்களிலும் வளர்ந்தோர் பொதுவாக வழி காண்பதில் வல்லவர் என்னும் முடிவு அத்தரவுகளிலிருந்து 2022இல் வெளியாயிற்று. எந்த ஆய்வுகூடமும் தனித்து அத்தனை மக்களை ஒன்றுதிரட்டியிருக்க முடியாது. பொதுமக்களின் பொழுதுபோக்கு பொதுநலத்துக்குப் பயன்பட முடியும் என்பதற்கு இது சான்று.

அழகியல் நோக்கிலும் சிறந்தவை இல்லாமல் இல்லை. லண்டனில் ஒரு சிறு குழுவினர் 2014இல் ஆக்கிய 'மொனியுமென்ட் வலி' என்பதைக் கூறலாம். ஒல்லாந்து ஓவியர் எஷரின் சாத்தியமற்ற கட்டடங்களை நினைவூட்டும் கோபுரங்களினூடே ஓர் இளவரசி மௌனமாக நடந்து செல்கிறாள். கோபுரத்தைத் திருப்பினாற் பாதை பிறக்கிறது. பார்வையின் கோணம் மாறினால் முடியாதது முடிவதாகிறது. ஒருமுறை விலை கொடுத்து வாங்குவது. சில மணி நேரத்தில் நிறைவுறுவது. ஆம், அதற்கு ஒரு முடிவு உண்டு. இதனை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறானது 2012இல் வெளிவந்த 'கண்டி கிரஷ் சாகா'. ஒரே நிற இனிப்புக்களை மூன்று மூன்றாகச் சேர்க்கும் எளிய ஆட்டம் அது. இதில் நுழைவதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஆடுபவருக்கு ஐந்து உயிர்கள்தாம் உண்டு. அவை போனபின், ஓர் உயிர் மீள அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவன் காசு கொடுக்கலாம். இங்கே விற்கப்படுவது விளையாட்டன்று. விளையாட விடாமற் செய்த தடையை நீக்கும் சலுகையே விற்கப்படுகிறது. தடையை உண்டாக்குபவனும் அதனை நீக்கப் பணம் கேட்பவனும் ஒருவனே. படிகளோ ஆயிரக்கணக்கில் நீண்டுகொண்டே போகின்றன. தாயத்திற் காய் பழமானதும் ஆட்டம் முடியும். கிளித்தட்டில் இருள் சூழ்ந்ததும் பிள்ளைகள் வீடு திரும்புவர். முடிவே இல்லாதிருத்தல் இவ்வாட்டத்தின் கலைக் குறைபாடு அன்று; வணிகத் தேவை. இதனை ஆக்கிய கிங் நிறுவனம் 2016இல் ஐந்நூற்றுத் தொண்ணூறு கோடி டொலருக்குக் கைமாறியது என்பதை நோக்கின், முடிவின்மையின் பெறுமதி விளங்கும்.

இத்தொழிலின் பொருளாதார அடித்தளம் விசித்திரமானது. இலவசமாக ஆடுவோரில் மிகச் சிறு பகுதியினரே பணம் செலுத்துகின்றனர். அவர்களுள்ளும் ஒரு சிலரே வருமானத்தின் பெரும்பங்கைத் தருகின்றனர். வணிக வட்டாரத்தில் அவர்களுக்குத் 'திமிங்கிலங்கள்' என்று பெயர். ஆகவே ஆக்குபவரின் திறமை முழுவதும், யார் திமிங்கிலமாகக்கூடும் எனக் கண்டு, தூண்டிலைக் கூராக்குவதிற் செலவாகிறது. பணம் தராத ஏனையோர் அத்திமிங்கிலங்கள் வென்று காட்டுவதற்கான கூட்டமாகவும், விளம்பரம் பார்க்கும் கண்களாகவும் பயன்படுகின்றனர்.

தனிமனிதரின் மனச்சான்று இவ்வமைப்பை எதிர்த்து நின்றதுண்டு. வியட்நாமைச் சேர்ந்த டொங் நுயென் என்னும் இளைஞர் 2013இல் தனியொருவராக 'பிளப்பி பேர்ட்' என்னும் விளையாட்டை ஆக்கினார். நாளொன்றுக்கு 50,000 டொலர் விளம்பர வருவாய் ஈட்டுவதாகக் கூறப்பட்ட அதனை, மக்கள் அதற்கு அடிமையாகின்றனர் என்று சொல்லி, 2014 பெப்ரவரியில் அவரே விலக்கிக்கொண்டார். அவரது செயல் போற்றத்தக்கது. ஆயினும் ஒருவர் விலகியதால் சந்தை மாறவில்லை. சில நாட்களிலேயே அதன் போலிகள் பல்கிப் பெருகின. தனிமனித ஒழுக்கம் அமைப்பை மாற்றாது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுமோ?

இதனை நான் ஏட்டில் மட்டும் கண்டவனல்லன். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசியே புத்தகமும் கரும்பலகையும் ஆகிக் குடிசைகளுக்குள் நுழைந்தது. பாடத்துக்காக வந்த கருவியிலேயே விளையாட்டும் வந்தது. என் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், கொப்பி வாங்கத் தாய் கொடுத்த பணத்தில், விளையாட்டிலுள்ள தன் வீரனுக்கு உடுப்பு வாங்கிவிட்டான். தாய் வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலி. அவனை அழைத்துக் கடிந்துகொள்ளவே நான் எண்ணியிருந்தேன். அவன் தலை குனிந்தபடி சொன்னான்: "எல்லாரும் உடுப்பு மாத்தீட்டினம், சேர். நான் மட்டும் வெறும் ஆளா நிக்கிறன். அவங்கள் என்னைச் சேக்கிறாங்களில்லை."

கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவ்வுடுப்பினால் அவன் வீரனுக்கு வலிமை கூடாது; ஓட்டம் விரையாது. அது வறுமையை மறைக்கும் திரை மாத்திரமே. வகுப்பறையில் அரசு தரும் வெள்ளைச் சீருடை, முதலாளியின் மகனையும் கூலியின் மகனையும் ஒரு வாங்கில் ஒப்ப அமர்த்துகிறது. அதே பிள்ளைகளை, மாலையில் அக்கண்ணாடித் திரை உடையால் மீண்டும் பிரித்து வைக்கிறது. நாம் துடைக்க முயன்ற வேற்றுமையை வணிகன் விளையாட்டென்னும் பெயரால் விற்கிறான்.

அரசுகள் வாளாவிருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றது. பொதுவாக 12 மாதங்களாவது நீடித்து வாழ்வைக் குலைக்கும் நிலையையே அது குறிக்கும். ஆடும் பிள்ளைகள் அனைவரும் நோயாளர் அல்லர். சீனா 2021இல், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் இரவு 8 முதல் 9 மணி வரையே இணையவழி ஆடலாம் என விதித்தது. இவை ஆடுபவனை நோக்கியவை. ஜப்பான் 2012இல், குருட்டதிர்ஷ்டத்தில் வரும் பொருள்களை முழுத் தொகுதியாகச் சேர்த்தாற் பரிசு என்னும் முறையைத் தடுத்தது. பெல்ஜியம் 2018இல், உள்ளிருப்பது தெரியாமற் காசுக்கு வாங்கும் பரிசுப்பெட்டிகளைச் சூதாட்டமெனத் தீர்மானித்தது. இவை விற்பவனை நோக்கியவை. பின்னையதே நேர்வழி என்பது என் கருத்து. பிள்ளையின் நேரத்தை அளப்பதற்கு முன் வணிகனின் பொறியை அளக்க வேண்டும்.

நம் கடமையும் உண்டு. விடிந்தால் பாடசாலை, மாலையானால் தனியார் வகுப்பு என்று பிள்ளையின் பொழுதை அடைத்துவிட்டு, கிளித்தட்டு மறைந்ததே என நாம் புலம்புவதிற் பயனென்ன? ஆட நிலமும் நேரமும் தோழரும் அற்ற பிள்ளை, அம்மூன்றையும் திரையிற் தேடுகிறான். தடைவிதித்துப் பறிப்பதற்கு முன் அவற்றை நாம் மீட்டுக் கொடுத்தோமா?

'இலவசம்' என்னும் சொல்லை இந்நாட்டு மக்கள் நன்கறிவர். கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வி, ஏழையின் பிள்ளையை எழுத்தறிந்தோனாக்கியது. அதன் செலவைச் சமுதாயம் ஏற்றது; பயனையும் சமுதாயமே பெற்றது. இன்று அப்பிள்ளையின் கையில் வேறோர் இலவசம் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் செலவை வெங்காயத் தோட்டத்துத் தாய் ஏற்கிறாள். பயனைக் கடல்கடந்த பங்குதாரர் பெறுகின்றனர். இவ்விரு இலவசங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்குத் தெளிவாக்குவது, கருவியைப் பறிப்பதினும் கடினமானது. அதனாலேயே அது ஆசிரியரின் வேலையாகிறது.