பனிமேட்டில் பழுக்கும் வாழை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், டௌஸ் ஊரிலிருந்து மேற்கே போய் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் பாலத்தைத் தாண்டினால் ஒரு மேட்டுநிலம் விரியும். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர். கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் பூத்த சேஜ் புதர். ஒதுங்கி நிற்க நிழல் கிடையாது. ஜனவரி இரவுகளில் குளிர் மைனஸ் 15 டிகிரிக்கு இறங்குவதை அங்கே யாரும் செய்தியாகச் சொல்லிக்கொள்வதில்லை. அந்த மேட்டில் மின்கம்பியோ குடிநீர்க் குழாயோ சாக்கடை இணைப்போ இல்லாத ஒரு குடியிருப்பு இருக்கிறது. அதன் வீடுகளுக்குள் வாழை குலை தள்ளுகிறது.

இந்த வீடுகளுக்கு எர்த்ஷிப் என்று பெயர். மைக்கேல் ரெனால்ட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1970களின் தொடக்கத்தில் காலி பீர் டின்களைக் கொண்டு சுவர் எழுப்பிப் பார்த்தார். அடித்தும் திருத்தியும் பல ஆண்டுகளில் வந்து சேர்ந்த வடிவம் இது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘குப்பையில் கட்டிய வீடு’ என்று வியந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த வியப்பு இரண்டாம்பட்சம். உள்ளே வந்த வெயிலையும் தண்ணீரையும் ஒரே வேலையோடு வெளியே விட்டுவிடாத சாமர்த்தியம் இருக்கிறதே, அதைத்தான் உட்கார்ந்து ரசிக்க வேண்டும்.

முதலில் சுவர். தேய்ந்துபோன கார் டயரைப் படுக்கவைத்து, நடு ஓட்டை வழியே மண் ஒழுகிவிடாமல் ஓர் அட்டைத் துண்டைப் போடுகிறார்கள். பிறகு மண்ணை அள்ளிப் போட்டுச் சம்மட்டியால் இடிக்கிறார்கள். விளிம்புக்குள் சுற்றிச் சுற்றி இடித்து, டயரே உப்பி நிற்கும்வரை விடுவதில்லை. முடிந்தபோது ஒரு டயரின் எடை சுமார் 150 கிலோ. தூக்கி வைக்கிற பேச்சே இல்லை; எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே வைத்து இடித்தாக வேண்டும். கீழ்வரிசையில் இரண்டு டயர்கள் சேரும் இடத்துக்கு மேல் அடுத்த டயரின் நடு வரும்படி வரிசை ஏறுகிறது. அதன் மேல் களிமண்ணும் வைக்கோலும் குழைத்த பூச்சு. வீடு முடிந்த பிறகு டயர் எங்கே என்று தேடினாலும் தெரியாது. வடக்குப் பக்கம் சுவருக்குப் பின்னால் கூரைமட்டம்வரை மண்ணைக் குவித்துவிடுகிறார்கள். முதுகை மண்ணுக்குக் கொடுத்து, முகத்தைத் தெற்கு வெயிலுக்குக் காட்டி உட்கார்ந்திருக்கிற வீடு அது.

பாரம் தாங்காத உள்சுவர்களில் டின்னும் பாட்டிலும் வரும். இரண்டு பாட்டில்களின் கழுத்தை வெட்டிவிட்டு, அடிப்பாகங்களை வாயோடு வாய் பொருத்தி டேப் சுற்றினால் ஒரு கண்ணாடிச் செங்கல். பச்சை, பழுப்பு, அபூர்வமாக நீலம். குளியலறையில் இப்படி ஒரு சுவர் வாய்த்துவிட்டால், காலையில் குளிக்கிறவரின் தோளில் பச்சை வட்டங்கள் விழும். அவர் திரும்பினால் முதுகுக்கு நகரும். பீர் பாட்டிலுக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது.

டௌஸ் இருக்கும் அட்சரேகையில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஜூன் 21 நண்பகலில் 77 டிகிரி. வீட்டின் வடிவமே இந்த இரண்டு எண்களுக்குள் அடக்கம். தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. குளிர்காலத்தில் சாய்ந்து வரும் வெயில் கண்ணாடியைக் கடந்து, செடிகளுக்கு ஒளி கொடுத்து, தரையில் நீண்டு படுத்து, பின்பக்கச் சுவரில் ஏறுகிறது. இரண்டடிக்கு மேல் தடித்த அந்த மண்சுவர் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்லத் திருப்பித் தருகிறது. வெளியே பனி கிடக்க, உள்ளே வெறுங்காலோடு நடக்கிறார்கள். கோடையில் உச்சி வெயில் வாசற்பக்கச் செடிகளோடு நின்றுவிடும், அறைக்குள் அவ்வளவாக எட்டாது. அப்போது கூரையில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்தால் சூடான காற்று மேலேறிப் போய்விடும். போன காற்றின் இடத்தை நிரப்ப, வடக்கு மண்மேட்டுக்குள் புதைத்த குழாய் வழியே குளிர்ந்த காற்று தானே நடந்து வரும். அதற்கு மின்விசிறிகூட வேண்டாம்.

இனி தண்ணீர். இந்த வீட்டில் நான் அதிக நேரம் நிற்கிற இடம் இதுதான்.

அந்த மேட்டில் ஆண்டு முழுவதும் மழையும் பனியும் சேர்ந்து 250, 300 மில்லிமீட்டர் தேறினால் பெரிது. கூரை 200 சதுர மீட்டர், மழை 250 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஆக 50,000 லிட்டர். நாளுக்கு 137 லிட்டர். வழியில் ஆவியாகிறதும் சிந்துகிறதும் அதற்குள்ளேயே அடக்கம். முழு வீட்டுக்கும் அவ்வளவுதான். இதைக் கொண்டு எப்படி ஒரு குடும்பம் குளித்து, சமைத்து, துவைத்து வாழ்கிறது? ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப வேலை வாங்குவதால்தான்.

கூரையில் விழுந்தது மண்மேட்டில் புதைத்த தொட்டிக்கு இறங்கும். அங்கிருந்து வடிகட்டிகளைத் தாண்டிக் குழாய்க்கு வந்து குடிக்கவும் குளிக்கவும் ஆகும். இது முதல் வேலை. பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் எண்ணெய்ப்பிசுக்கைப் பிரிக்கும் வடிகட்டிக்குள் நுழைந்து, கண்ணாடியை ஒட்டி வீட்டுக்குள்ளேயே ஓடும் நீண்ட பாத்திக்குப் போகும். பாத்தியின் அடியில் கசிவு தடுக்கும் ரப்பர் விரிப்பு, அதன் மேல் சரளை, மணல், மேலாக மண். வேர்கள் தண்ணீரைத் தேடிச் சரளைக்குள் இறங்குகின்றன. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. மிஞ்சிய சத்தைச் செடி எடுத்துக்கொள்கிறது. அத்தி, தக்காளி, மூலிகைகள், பிறகு வாழை. இது இரண்டாவது வேலை. பாத்தியின் கடைசியில் தேங்கும் தண்ணீரை ஒரு சின்ன பம்ப் இழுத்துக் கழிப்பறைத் தொட்டியில் நிரப்பும். மூன்றாவது. அங்கிருந்து போவது வெளியே செப்டிக் தொட்டியில் தங்கித் தெளிந்து, சாப்பிடாத செடிகள் வளரும் வெளிப்பாத்திக்குச் சேரும். நான்காவது. குடிநீரைக் கழிப்பறையில் ஊற்றுகிற நம் நகரத்துப் பழக்கத்தை இந்த வரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

பாத்திரம் தேய்க்கும் தண்ணீரைப் பின்கட்டு வாழைக்குத் திருப்பிவிடுவது நம் வீடுகளில் புதிதல்ல. வாழைக்கு ஈரத்தில் நிற்க ஆசை. அகன்ற இலை வழியே குடித்ததை ஆவியாக்கிவிட்டு இன்னும் கேட்கும். நியூ மெக்சிகோவிலும் அதே காரணத்துக்காகத்தான் அதை வைத்தார்கள். நம் வீட்டில் வாழையோடு தண்ணீரின் கதை முடிகிறது, அங்கே இன்னும் இரண்டு அத்தியாயம் ஓடுகிறது.

கழுவிய தண்ணீர் செடிக்கே போவதால் குடியிருக்கிறவரின் பழக்கம் மாறுகிறது. குளியல் தொட்டியைக் கழுவப் பிளீச்சிங் எடுக்கப் போனால், அது நேரே தக்காளியின் வேருக்குப் போகும் என்ற நினைப்பு வந்துவிடும். சோற்றுப் பருக்கை, எண்ணெய் எதுவும் அலட்சியமாக இறங்குவதில்லை. மின்சாரமும் அப்படித்தான். கூரைச் சூரியத் தகடு, பாட்டரி வரிசை, இன்வெர்ட்டர்; இவற்றை விவரிக்க வேண்டியதில்லை, இப்போது நம் தெருவிலும் இருக்கின்றன. பாட்டரி மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டுவார்கள். மூன்று நாள் மூடாப்பு போட்டால் அழுக்குத் துணி கூடையிலேயே காத்திருக்கும். வானத்தைப் பார்த்து வேலையை வைத்துக்கொள்வது விவசாயிக்குத் தெரிந்த வித்தை. இங்கே கணினியில் வேலை பார்க்கிறவரும் அதைப் பழகுகிறார்.

முழுச் சுயசார்பு என்று யாராவது அளந்தால் நம்ப வேண்டாம். அடுப்புக்கும், வெயில் காணாத நாளில் வெந்நீருக்கும் எரிவாயு வெளியிலிருந்துதான் வருகிறது. அரிசியும் மாவும் கடையில்தான். பாத்தியில் அசுவினியும் வெள்ளை ஈயும் வரும், ஒவ்வோர் இலையாகத் திருப்பித் துடைக்க வேண்டும். முன்கண்ணாடி சாய்வாக அமைந்த பழைய மாதிரிகள் கோடையில் தகிக்கும் என்ற குறையும் உண்டு; பிற்காலத்தில் கண்ணாடியை நிமிர்த்தி, செடிகளுக்கும் அறைக்கும் நடுவே இன்னொரு கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். குப்பை இலவசம், ஆள்கூலி இலவசமில்லை. சட்டமும் சும்மா இருக்கவில்லை. விதிமுறைத் தகராறில் ரெனால்ட்ஸ் தன் கட்டடக் கலைஞர் உரிமத்தையே இழந்தார். சோதனைக் கட்டடங்களுக்கு இடம்தரும் சட்டம் நியூ மெக்சிகோவில் 2007இல்தான் வந்தது. அதே ஆண்டு வெளியான ‘கார்பேஜ் வாரியர்’ ஆவணப்படம் அந்த இழுபறியைச் சொல்கிறது. சுனாமிக்குப் பிறகு அவருடைய குழு அந்தமானுக்கு வந்து கட்டிக் காட்டியதும் அந்தப் படத்தில் உண்டு.

இதை அப்படியே தமிழ்நாட்டில் கட்ட நினைப்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். சூட்டைச் சேர்த்து வைக்கிற சுவரும் தெற்குக் கண்ணாடியும் பனிமேட்டின் தேவை. நமக்கு நிழலும் காற்றும் போதும். அந்தத் தண்ணீர்ப் பாதையை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

டௌஸ் பக்கம் போக வாய்ப்பு உள்ளவர்கள் ஜனவரியில் போங்கள். கோடையில் அது வினோதமான கட்டடமாக மட்டுமே தெரியும். குளிரில்தான் அதன் வேலை புரியும். பார்வையாளர் மையம் இருக்கிறது, இரவு தங்கச் சில வீடுகள் வாடகைக்கும் கிடைக்கின்றன. கொண்டுபோகிற சோப்பு மட்டும் செடிக்கு ஒத்துக்கொள்வதாக இருக்கட்டும்.