வலைத்தளங்களில் பட்டர்பிரானும் கோதையும்: சொல்லாது விடப்படுபவை

மார்கழி பிறந்ததும் இணையத்தில் திருப்பாவை பெருகுகிறது. நாளொரு பாசுரம், பதவுரை, ஒலிப்பதிவு என எதற்கும் குறைவில்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த ஆண்டாள் அருளிச்செய்த 173 பாசுரங்களில் திருப்பாவை 30 மட்டுமே. எஞ்சிய 143 நாச்சியார் திருமொழி. அதிலும் திருமணங்களில் ஓதப்பெறும் ஆறாம் திருமொழியே பெரும்பாலும் ஏறுகிறது. குயிலை வேண்டும் ஐந்தாம் திருமொழியும், மேகத்தைத் தூது விடும் எட்டாம் திருமொழியும் அரிதாகவே கிட்டுகின்றன. பெரியவாச்சான்பிள்ளை இரண்டு பிரபந்தங்களுக்கும் வியாக்கியானம் அருளியிருக்கிறார். திருப்பாவைக்கு வியாக்கியானங்கள் பல, ஓதுதற்கு ஒரு மாதமும் உண்டு. ஆகவே அது மிகுவது இயல்பே. 'ஆண்டாள் பாசுரங்கள்' என்று தலைப்பிட்டு முப்பதோடு நிறுத்தி, நிறுத்தியதைச் சொல்லாதிருப்பதே குற்றம்.

அருகிலுள்ள இராஜபாளையத்தைப் பற்றிய பக்கங்கள் நூற்பாலைகளையும் வேட்டை நாயையும் விரித்துரைக்கின்றன. தெலுங்கு பேசும் ராஜுக்கள் தலைமுறைகளாக வாழும் அவ்வூரின் அயலிலேயே, விஷ்ணுசித்தரை நாயகராக்கிக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதாவின் களம் இருக்கிறது. தமிழ்ப் பக்கங்களில் இதற்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. அது காவியம், குருபரம்பரைக்கு ஈடாகக் கொள்ளத்தக்கதன்று. எனினும் மறைக்கத்தக்கதும் அன்று.

இவற்றினும் கனத்த விடுபாடு ஒன்று உண்டு. பெரியாழ்வார் திருமொழி 461 பாசுரங்கள் கொண்டது. அதற்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வியாக்கியானத்தில் ஏறத்தாழ நானூறு பாசுரங்களுக்கு உரியது செல்லரித்து லுப்தமாயிற்று. அவ்வளவுக்கும் மணவாள மாமுனிகள் வியாக்கியானம் அருளி நிறைவு செய்தார். ஓலைக்கு நேர்ந்த அழிவும், அதை ஈடுசெய்த க்ருபையும் ஒருசேர விளங்கும் இச்செய்தி இல்லாமலே பல தளங்களில் உரைச்சுருக்கம் 'பூர்வாசார்யர் வியாக்கியானப்படி' என்ற ஒற்றைக் குறிப்போடு வெளியாகிறது. எந்த ஆசார்யர் என்பது தெரியாமல் இளைய வாசகர் ஒருவரின் ஸ்ரீஸூக்தியை மற்றொருவரதாக மேற்கோள் காட்டுகிறார். அந்த மேற்கோளே அடுத்த பக்கத்துக்கு ஆதாரமாகிவிடுகிறது.

இதை அளக்க வெளியிலிருந்து அளவுகோல் தேட வேண்டியதில்லை. மாமுனிகளே உபதேசரத்தினமாலையில் திருவாய்மொழியின் ஐந்து வியாக்கியானங்களையும், அவற்றை அருளியவர் இன்னார் இன்னார் என்பதையும் பிரித்துக் கூறியிருக்கிறார். ஏனைய பிரபந்தங்களுக்கு உரையிட்டோரையும் தனியே சுட்டுகிறார். பெரியாழ்வார் திருமொழிப் பக்கத்தின் தலையில் அந்த முறையில் ஒரு வரி போதும்: இப்பகுதிக்குப் பெரியவாச்சான்பிள்ளை வியாக்கியானம் கிடைத்திலது, இது மாமுனிகள் அருளியது.